இழப்பீட்டைக் குறைத்தார்களா? சர்வேயர் அறிக்கையைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

வெள்ளத்திலோ தீயிலோ வீடு சேதமாகி, காப்பீட்டு நிறுவனம் கேட்டதில் பாதியைத்தான் கொடுத்தது என்றால் பலரும் சொல்வது, ‘கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்கள்’ என்பதுதான். யோசனை தப்பில்லை, வரிசைதான் தப்பு. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால், அதே விஷயத்தைக் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரி) விசாரிக்க மாட்டார். கட்டணமே இல்லாத வழி அதோடு அடைபட்டுவிடும். அதற்கும் முன்னால், பணம் எந்த இடத்தில் வெட்டப்பட்டது என்று தெரியாமல் புகார் எழுதினால் அது எங்கே போனாலும் நிற்காது.

எனவே முதல் வேலை, சேதத்தை அளந்து மதிப்பிட நிறுவனம் நியமிக்கும் சர்வேயரின் அறிக்கை நகலை மின்னஞ்சலில் கேட்பது. நிறுவனம் அனுப்பும் கடிதத்தில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். அறிக்கையில்தான் எந்த இனத்துக்கு எவ்வளவு கேட்டீர்கள், எவ்வளவு ஒத்துக்கொண்டார்கள், எதற்காகக் கழித்தார்கள் என்று வரி வரியாக இருக்கும். பாலிசிதாரர் கேட்டால் நகல் தர வேண்டும். கேட்காமலே கடிதத்தோடு இணைத்து அனுப்பினால் பாதி தகராறு அங்கேயே தீர்ந்துவிடும். ஏன் அனுப்புவதில்லை என்பது நிறுவனங்களுக்கே வெளிச்சம். சர்வேயர் போட்ட தொகையையும் குறைத்துத்தான் நிறுவனம் கொடுத்திருக்கிறது என்றால், அதற்கான காரணத்தைத் தனியாக எழுத்தில் கேளுங்கள்.

கழிவுகளில் முதலில் பார்க்க வேண்டியது ‘அண்டர் இன்சூரன்ஸ்’, அதாவது மதிப்பைவிடக் குறைந்த தொகைக்குக் காப்பீடு செய்திருப்பது. 40 லட்ச ரூபாய் பெறும் கட்டடத்தை 30 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 4 லட்சம் சேதத்துக்கு 3 லட்சம் மட்டும் தருவது பழைய தீ காப்பீட்டு பாலிசிகளின் கணக்கு. 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு வந்த ‘பாரத் கிரஹ ரக்ஷா’ பாலிசியில் இந்த விகிதக் கழிவு கிடையாது; காப்பீட்டுத் தொகையின் எல்லைக்குள் இழப்பு முழுவதும் தரப்பட வேண்டும். பழைய பழக்கத்தில் கணக்குப் போட்டிருந்தால், பாலிசியின் அந்த வரியைச் சுட்டி ஒரு கடிதம் எழுதினாலே போதும்.

அடுத்தது அளவு. தண்ணீர் நின்ற கறை 3 அடி உயரத்தில் இருக்கிறது என்று சர்வேயர் 3 அடிக்கே பூச்சு வேலை போடுவார். ஆனால் சுவர் ஈரத்தை மேலே உறிஞ்சும். கறைக்கு ஒன்றரை அடி மேலே தட்டினாலும் பூச்சு பொள்ளென்று ஒலித்தால், அதையும் கொத்தி எடுத்துத்தான் பூச வேண்டும். 12க்கு 10 அடி அறையின் சுற்றளவு 44 அடி. கதவுக்கு 3 அடி போனால் 41. மூன்று அடி உயரத்துக்கு 123 சதுர அடி, நாலரை அடிக்கு 184½ சதுர அடி. ஓர் அறையிலேயே அறுபது சதுர அடிக்கு மேல் விட்டுப்போகிறது. அளவு டேப்பைச் சுவரில் பிடித்து, கறையும் டேப்பும் சேர்ந்து தெரிகிற மாதிரி படம் எடுங்கள்.

சர்வேயர் வரும்போது தெரியாத சேதம் இரண்டு மூன்று வாரம் கழித்து வெளியே வரும். பிளைவுட் அலமாரி உப்பும், சுவரில் உப்புப் பூக்கும், வயரிங்கில் மின்கசிவு காட்டும். வயரிங்குக்கு வாய்ச்சொல் செல்லாது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் மெக்கர் சோதனை (வயரின் மின்காப்பை அளப்பது) செய்து, 1 மெகா ஓமுக்குக் கீழே வந்த சர்க்யூட்டுகளை எழுதி வாங்குங்கள். இப்படிப் பிறகு தெரிந்தவற்றைக் கூடுதல் பட்டியலாக உடனுக்குடன் அனுப்பிவிட வேண்டும். இப்போதைய விதிப்படி சர்வேயர் நியமனத்துக்கு 24 மணி நேரம், அறிக்கைக்கு 15 நாள், அறிக்கை வந்தபின் முடிவுக்கு 7 நாள் என்பதால் அதிக அவகாசம் இல்லை.

கேட்காமலே விட்டுவிடுகிற இனங்களும் உண்டு. இடிபாடு அகற்றும் செலவு கிளைம் தொகையில் 2 சதவீதம் வரை, ஆர்க்கிடெக்ட் அல்லது பொறியாளர் கட்டணம் 5 சதவீதம் வரை பாரத் கிரஹ ரக்ஷா பாலிசியில் உண்டு. பில் இருந்தால் சேருங்கள். சால்வேஜ் (சேதமான பொருளின் மிச்ச மதிப்பு) என்று ஒரு தொகையைக் கழித்திருந்தால் உடைந்த பொருள் உங்களுடையது. பொருளையும் எடுத்துக்கொண்டு தொகையையும் கழிக்க முடியாது. வீட்டுக் கடன் உள்ளவர்கள், பணம் வங்கியின் கடன் கணக்குக்குப் போயிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பணம் பெற்றுக்கொள்வதற்கு, ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்று அச்சிட்ட டிஸ்சார்ஜ் வவுச்சர் என்ற ஒப்புகைத் தாள் வரும். பணம் அவசரம் என்று அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். ‘மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தொகையில் தகராறு இருக்கும்போது வவுச்சரைக் காட்டி பாலிசிதாரரின் உரிமையைத் தடுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2015 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இருந்தாலும், வெறும் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பிறகு ‘கட்டாயப்படுத்தினார்கள்’ என்று நிரூபிப்பது பெரும்பாடு.

இனி வரிசை. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். கூடவே ஐஆர்டிஏஐ-யின் ‘பீமா பரோசா’ புகார் தளத்தில் பதியலாம், அல்லது 155255 எண்ணில் பேசலாம். இதனால் புகாருக்கு ஒரு எண்ணும் தேதியும் கிடைக்கும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். அதற்கு ஓராண்டுக் கெடு உண்டு. 50 லட்ச ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் எடுப்பார். கட்டணம் இல்லை, வக்கீலுக்கும் அங்கே இடமில்லை. அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், 30 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். நமக்குப் போதாது என்று தோன்றினால் ஏற்காமல் மேலே போகலாம்.

வக்கீல் இல்லாத அந்த அறையில் நமக்காகப் பேசுவது ஒரே ஒரு தாள்தான்: இனம், கேட்டது, கொடுத்தது, வித்தியாசம், அதற்கான ஆதாரத்தின் பக்க எண். வேதனைகளை நாலு பக்கம் எழுதி, இந்தத் தாளை விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்து இழப்பீடு வேண்டும் என்பவர்களுக்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி. சர்வேயர் அறிக்கை கடைசி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சொன்னது அங்கே கைகொடுக்கும். ஆனால் உங்கள் தரப்பில் ஒரு பொறியாளரின் மதிப்பீடு இருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்கு எந்த ஆணையத்துக்குப் போக வேண்டும் என்ற எல்லை கணக்கிடப்படுவது கட்டிய பிரீமியத்தை வைத்து, கேட்கும் தொகையை வைத்து அல்ல. ஆகவே வீட்டுப் பாலிசி வழக்குகள் மாவட்ட ஆணையத்துக்கே வரும், 5 லட்சம் வரையிலான பிரீமியத்துக்கு மனுக் கட்டணமும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்; ஆம்பட்ஸ்மேனிடம் காத்திருக்கும் மாதங்களும் அந்தக் கணக்கில் ஓடுகின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பொதுக் காப்பீட்டுத் துறை வாசகர்