வாடகைக் கார், டாக்ஸி நடத்துவோருக்கு: குழந்தை சீட் பற்றி ஒரு திறந்த மடல்

வண்டிகளை வாடகைக்கு விடுபவர்களுக்கும், முன்பதிவு மேசையில் இருப்பவர்களுக்கும், ஸ்டியரிங் பிடிக்கும் ஓட்டுநர்களுக்கும் வணக்கம்.

உங்கள் முன்பதிவுப் படிவத்தில் 'குழந்தை சீட் வேண்டுமா?' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. பெற்றோர் அதில் டிக் போட்டு, கூடுதல் கட்டணமும் கட்டிவிடுகிறார்கள். விமானம் விட்டு இறங்கி, பெட்டிகளையும் தூங்கி வழியும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வண்டி நிற்கும் இடத்துக்கு வந்தால், பின்சீட்டில் ஏதோ ஒரு சீட் சும்மா சாத்தி வைத்திருக்கும். கையேடு இருக்காது. எந்த வயசுக்கு உரியது என்று கேட்டால், 'எல்லாக் குழந்தைக்கும் சேரும்' என்று பதில் வரும். பிறந்த குழந்தை முதல் பள்ளிப் பிள்ளை வரை என்று விற்கிற சீட்டைக்கூட ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு வேறு விதமாக மாற்றிப் பொருத்தினால்தான் சேரும்.

சீட் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. நாங்கள் கேட்பது ஒன்றுதான். பிரேக்கைப் பார்க்காமல் வண்டியை வெளியே விடமாட்டீர்கள் அல்லவா? சீட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெற்றோர் கையில் கொடுத்தவுடன் பொறுப்பு முடிந்தது என்று எண்ணாதீர்கள்.

'பக்கத்தில்தானே, மடியில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் ஓட்டுநர்களுக்காக முதலில் ஒரு சிறு கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். மோதலில் அந்த வேகம் பத்தில் ஒரு வினாடிக்குள் அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 7 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 100 கிலோ மூட்டையைத் தாங்குகிற வலு வேண்டும், அதுவும் எதிர்பாராத நொடியில். எந்தத் தாயின் கையிலும் அந்த வலு இல்லை. பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போட்டால் இன்னும் மோசம். பெரியவரின் உடல் எடை முழுதும் குழந்தையை பெல்ட்டோடு வைத்து நசுக்கும். டாக்ஸிகளுக்குக் குழந்தை சீட் விஷயத்தில் பல நாட்டுச் சட்டங்கள் விலக்கு தருகின்றன. மோதலுக்கு அந்த விலக்கெல்லாம் தெரியாது.

இனி படிவத்துக்கு வருவோம். அந்த டிக் கட்டத்துக்குப் பதிலாகக் குழந்தையின் உயரம், எடை, வயது மூன்றையும் கேளுங்கள். உங்கள் கிடங்கில் இரண்டு தலைமுறைச் சீட்கள் கலந்து கிடக்கும். பழைய ஐ.நா. விதி ஆர்44-இன்படி வந்தவை எடையை வைத்துப் பிரிக்கப்பட்டவை: 0+ என்றால் 13 கிலோ வரை, குரூப் 1 என்றால் 9 முதல் 18 கிலோ வரை. 2013-இல் நடைமுறைக்கு வந்த ஆர்129, பெரும்பாலும் 'ஐ-சைஸ்' என்ற பெயரில் வருவது, சென்டிமீட்டரில் உயரம் பார்க்கிறது. இந்த விதிப்படி 15 மாதம் தாண்டும் வரை குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். சீட்டின் அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற லேபிளில், வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எந்த விதி என்பது அங்கேயே தெரியும். அமெரிக்கச் சீட்களில் அந்த வட்டம் இருக்காது. அவற்றின் பொருத்தும் முறையும் சற்று வேறு. அதைக் கீழே சொல்கிறோம்.

பின்பக்கம் பார்ப்பது ஏன் என்று பெற்றோர் கேட்பார்கள். 'முகம் பார்க்க முடியலியே, முன்பக்கம் திருப்பி வையுங்களேன்' என்றும் கேட்பார்கள். கைக்குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. கழுத்தெலும்புகள் இன்னும் பெருமளவு குருத்தாகவே இருக்கின்றன. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் உடலைச் சீட்டின் தோள் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் எகிறும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஒன்றாகச் சீட்டின் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் அமுங்கும். ஓட்டுநரே இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் யாரும் திருப்பச் சொல்ல மாட்டார்கள்.

எங்கே வைப்பது? பின்சீட்டில். ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் பின்பக்கம் பார்த்த சீட்டை வைக்கவே கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும்போது நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் உள்ள ஓட்டில்தான் அறையும். பக்கவாட்டில் பார்த்திருக்கும் இருக்கைகளில் எந்தக் குழந்தை சீட்டையும் கட்டாதீர்கள்.

பொருத்துவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஐசோபிக்ஸ் (பெல்ட் இல்லாமல் குழந்தை சீட்டை நேராக வண்டியில் மாட்டும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் வேலை சுலபம். இருக்கையின் முதுகும் அடிமெத்தையும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் 6 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு இரும்புக் கம்பிகள், 28 சென்டிமீட்டர் இடைவெளியில், தட்டுப்படும். சீட்டின் கொக்கிகள் இரண்டும் அவற்றில் 'டக்' என்று மாட்ட வேண்டும். இரண்டு பக்கமும் பச்சை காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு என்று ஓடும் வண்டிகள் உண்டு; பெல்ட் பக்கிள் கொக்கிக்கு அடியில் சிக்கியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

ஐசோபிக்ஸ் மட்டும் போட்டால் சீட் அந்த இரண்டு கம்பிகளை அச்சாக வைத்து முன்னே கவிழப் பார்க்கும். அதனால் மூன்றாவது பிடிமானம் ஒன்று உண்டு. சிலவற்றில் தரையை ஊன்றும் கால், சிலவற்றில் மேலிருந்து பின்னால் இழுத்துக் கட்டும் டாப் டெதர் பட்டை. காலை ஊன்றும் இடத்தில் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அடியில் மூடியோடு சாமான் பெட்டி இருந்தால் அதன்மேல் ஊன்றக் கூடாது. மூடி உடைந்து கால் உள்ளே இறங்கிவிடும். வண்டிக் கையேடு அனுமதிக்கும் சில மாடல்கள் மட்டுமே விதிவிலக்கு. டாப் டெதரில் நடக்கும் தவறு வேறு: டிக்கியில் சாமான் கட்டுவதற்கு இருக்கும் கொக்கியில் கொண்டுபோய் மாட்டிவிடுகிறார்கள். அது காய்கறிப் பையைத் தாங்கும், மோதலைத் தாங்காது. டெதருக்கான கொக்கியில் நங்கூரப் படம் போட்டிருக்கும். அது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு மாடலுக்கும் முன்கூட்டியே பார்த்துக் குறித்து வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு டார்ச் அடித்துத் தேட முடியாது.

பெல்ட்டில் கட்டும் சீட்டுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஐ.நா. விதிப்படி வந்த சீட்களில் பெல்ட் போகும் வழியை, பின்பக்கம் பார்த்துப் பொருத்த நீல நிறத்திலும், முன்பக்கம் பார்த்துப் பொருத்தச் சிவப்பிலும் காட்டியிருப்பார்கள். கைப்பிடி வைத்த கைக்குழந்தைச் சீட்டில் பொதுவாக இடுப்பு பெல்ட் குழந்தையின் கால்பக்கம் குறுக்கே போகும், தோள் பெல்ட் ஓட்டின் முதுகைச் சுற்றி வரும். இரண்டையும் மாற்றிப் போட்டாலும் பார்ப்பதற்கு இறுக்கமாகத்தான் தெரியும். நீலத்தைப் பின்பற்றுங்கள், கண்ணை நம்பாதீர்கள். சில வண்டிகளில் பெல்ட்டே எட்டாது. அப்போது வேறு சீட்தான் வேண்டும். முடிச்சுப் போட்டுச் சமாளிக்க வழியில்லை.

பெல்ட் பூட்டிக்கொள்கிறதா என்பதையும் பாருங்கள். பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துவிட்டுத் திரும்ப உள்ளே விடும்போது 'டிக்டிக்டிக்' என்று சத்தம் வந்தால், அது இழுத்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும் வகை. அமெரிக்க வண்டிகளில் இது வழக்கம். மற்ற இடங்களில் பல வண்டிகளில் இல்லை. அப்படிப்பட்ட வண்டியில், தனக்கென்று பெல்ட் கவ்வி (பெல்ட் தளராமல் பிடித்துவைக்கும் பாகம்) இல்லாத அமெரிக்கச் சீட்டைக் கட்டினால், கட்டிய கை எடுக்கும்போது இறுக்கமாக இருக்கும், நாலு வளைவு திரும்பியதும் தளர்ந்துவிடும். வெளிநாட்டிலிருந்து சொந்தச் சீட்டோடு வரும் பெற்றோர் அடிக்கடி மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கட்டி முடித்ததும் சீட்டின் தலைப்பக்கத்தைப் பிடித்து உலுக்குவார்கள். அது ஆடத்தான் செய்யும், அதில் ஒன்றும் தெரியாது. பெல்ட்டோ கொக்கியோ சீட்டைப் பிடித்திருக்கும் இடத்தில், இடதுகையால், நிதானமான பலத்தோடு பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசையுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். முழங்காலைச் சீட்டுக்குள் ஊன்றி, உடல் எடையைக் கொடுத்துக்கொண்டே தளர்வை இழுத்தால் இறுக்கம் வரும்.

அடுத்தது சாய்வு. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. சீட் நிமிர்ந்திருந்தால் தூக்கத்தில் தலை முன்னால் கவிழ்ந்து, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுக்குழல் மடங்கும். சத்தமே வராது என்பதுதான் இதிலுள்ள பயங்கரம். அதனால் சுமார் 45 பாகைச் சாய்வு வேண்டும். ரொம்பப் படுத்துவிட்டாலும் ஆபத்து: மோதலில் குழந்தை தோள்பக்கமாக வழுக்கி மேலே போகும். சீட்டின் பக்கவாட்டில் ஒரு கோடோ, குமிழ் மிதக்கும் சின்னக் கண்ணாடியோ இருக்கும். அதை வைத்துத்தான் சாய்வைச் சொல்ல முடியும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது பாருங்கள். சரிவான பார்க்கிங்கில் நின்றுகொண்டு அந்தக் குமிழைப் பார்த்துப் பயனில்லை. சாய்வு போதவில்லை என்று துண்டைச் சுருட்டி அடியில் வைப்பது சீட்டின் கையேடு சொன்னால் மட்டுமே. ஓட்டுநருக்கு ஒரு வார்த்தை: குழந்தையை ஏற்றிய பிறகு உங்கள் இருக்கையைப் பின்னால் தள்ளாதீர்கள். அது சீட்டில் முட்டிச் சாய்வையே மாற்றிவிடும்.

தோள் பட்டைகள் முந்தைய வாடிக்கையாளரின் குழந்தை அளவில்தான் இருக்கும். போன வாரம் ஒன்றரை வயசுக் குழந்தை போயிருந்தால், இன்று வரும் இரண்டு மாதக் குழந்தைக்குப் பட்டை காதுக்கு மேலே இருக்கும். பின்பக்கம் பார்த்த சீட்டில் பட்டை தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வெளியே வர வேண்டும். முன்பக்கம் பார்த்ததில் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. சீட்டைத் திருப்பி முதுகையும் பாருங்கள். பட்டையைக் கையால் கோத்து உயரம் மாற்றுகிற மாடல்களில் இரண்டு பட்டைகளும் ஒரு சின்ன இரும்புத் தகட்டின் இரு முனைகளில் மாட்டியிருக்கும். யாரோ அவசரத்தில் உயரம் மாற்றி, ஒரு பக்கத்தைப் பாதி மட்டும் நுழைத்திருப்பார்கள். முன்னாலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

குழந்தையை உட்கார வைத்ததும் இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள்: பிட்டம் சீட்டின் அடியில் நன்றாகப் படிய வேண்டும், பக்கிளைப் பூட்ட வேண்டும், தொடைப் பக்கத் தளர்வை மேலே இழுத்துவிட வேண்டும், கடைசியில் இறுக்கும் பட்டையை இழுக்க வேண்டும். காறை எலும்பு இருக்கும் இடத்தில் பட்டையை இரண்டு விரலால் மேலும் கீழுமாகக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கைக்குள் வந்தால் இன்னும் இறுக்க வேண்டும், விரல் வழுக்கினால் போதும். பஞ்சு வைத்த கோட்டோடு கட்டக் கூடாது. மோதலில் பஞ்சு அமுங்கி, அத்தனை தடிமனும் தளர்வாகிவிடும். கட்டிய பிறகு மேலே போர்வை போர்த்தலாம்.

ஒரு விஷயத்தில் உங்கள்மேல் எங்களுக்கு வருத்தமே உண்டு. பிறந்த குழந்தைக்கென்று சீட்டோடு வரும் உள்மெத்தை துவைக்கப் போன இடத்தில் தொலைந்துவிடுகிறது, அது இல்லாமலேயே சீட் வாடகைக்குப் போகிறது. அந்த மெத்தை இல்லாமல் மூன்று கிலோ குழந்தை சீட்டுக்குள் ஒருபக்கமாகச் சரிந்து கிடக்கும். கடையில் கிடைக்கும் வேறு மெத்தையை வைத்து ஈடுகட்ட முடியாது. அது அந்தச் சீட்டோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டதல்ல. மெத்தை தொலைந்தால் அந்தச் சீட் இனி பெரிய குழந்தைக்கு மட்டும் என்று எழுதி வைத்துவிடுங்கள்.

பட்டைகளை வாஷிங் மெஷினில் போடாதீர்கள், பிளீச் பக்கமே போகாதீர்கள். நூலின் பலம் போய்விடும். ஈரத்துணியும் மென்மையான சோப்பும் போதும். பக்கிளில் பிஸ்கட் தூளும் பாலும் இறுகிப்போனால் பூட்டிய மாதிரி காட்டி, பூட்டாமல் நிற்கும். பூட்டும்போது சத்தம் மந்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். காலாவதித் தேதி பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருக்கும், அல்லது தயாரிப்புத் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். மாடலைப் பொறுத்து ஆறு முதல் பத்து ஆண்டு. விபத்தில் இருந்த சீட்டை ஒதுக்கிவிடுங்கள். வெளியே கீறல் இல்லை என்பதை வைத்து உள்ளே விரிசல் இல்லை என்று சொல்ல முடியாது. இதற்காகவே ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, எந்த வண்டியில் எந்தத் தேதியில் போனது என்று நோட்டில் எழுதுங்கள். எண் இல்லாத சீட்டுக்கு வரலாறு கிடையாது.

நீண்ட பயணம் என்றால் ஓட்டுநரே நிறுத்தங்களைத் திட்டமிடட்டும். பிறந்த சில வாரங்களே ஆன குழந்தையை ஒரே மூச்சில் அரைமணி நேரத்துக்கு மேல் சீட்டில் வைக்காமல் இருப்பது நல்லது. பெரிய குழந்தைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் படுக்க வைக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியென்றால் பக்கிளின் இரும்பை முதலில் உங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள்.

கடைசியாகப் பணம். சீட்டைப் பொருத்த, பழகியவருக்கே பத்து நிமிடம் ஆகும், பெற்றோருக்கு இருபது. அந்த நேரத்தில் மீட்டர் ஓடினாலோ, பின்னால் நிற்கும் வண்டி ஹாரன் அடித்தாலோ அவசரத்தில் பச்சை, சிவப்பு எல்லாம் கண்ணில் படாது. பயணியை ஏற்ற வரும் வண்டிக்கு அந்த இருபது நிமிடத்தைக் காத்திருப்புக் கட்டணத்தில் சேர்க்காதீர்கள். கையேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சீட்டிலேயே கட்டிவிடுங்கள். தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அச்செடுக்கலாம். சீட் திரும்பி வந்ததும் உள்மெத்தை, தோள் பஞ்சு, டெதர், கையேடு நாலும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பட்டையைக் கீழ்மட்டத்துக்கு இறக்கி அலமாரியில் வையுங்கள். அடுத்து வருவது இரண்டு வாரக் குழந்தையாக இருக்கலாம்.

இப்படிக்கு,
குழந்தை சீட் பொருத்திப் பார்த்துக் கொடுக்கும் பணியாளர்கள்