பொத்தானை அழுத்துவது மட்டும்தான் பாக்கியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு அறிவியல் பக்கத்தில், "ராக்கெட் ஏவுதளத்துக்கு வந்துவிட்டது, இனி பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி" என்று எழுதியிருந்தீர்கள். ஸ்ரீஹரிகோட்டாவின் ஆபத்தான வேலைகள் பலவும் அந்தப் "பாக்கி"யில்தான் இருக்கின்றன என்பது தாங்கள் அறியாததல்ல. அறிந்தும் அப்படி அச்சானதுதான் வருத்தம்.

இஸ்ரோவின் மிகப் பெரிய ராக்கெட்டான எல்விஎம்-3 தளத்துக்கு வரும்போது அதன் திரவ எரிபொருள் தொட்டிகள் காலி. கவுன்ட்டவுனில்தான் எல்110 என்ற நடு அடுக்கை நிரப்புவார்கள். யூஎச்25 எரிபொருளும் அது எரிய ஆக்சிஜன் தரும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும் என்பதால், ஒன்றை ஏற்றி முடித்துக் கசிவு பார்த்த பிறகே மற்றது. டெட்ராக்சைடு 21 டிகிரியிலேயே கொதிக்கும். அந்தக் கடற்கரை வெயிலில் அதைக் குளிர வைத்தே கையாள வேண்டும். அதன் செம்பழுப்புப் புகை நுரையீரலை அரித்துவிடும்.

அடுத்து, கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நிரப்பும் கிரையோஜெனிக் மேல் அடுக்கு. திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. குழாயில் துளி காற்று தங்கினாலும் உறைந்து கட்டியாகி வால்வை அடைக்கும். உறைந்த ஆக்சிஜன் ஹைட்ரஜனோடு சேர்ந்தால் வெடிக்கவும் கூடும். நைட்ரஜனைச் செலுத்திக் காற்றை வெளியேற்றினாலும் போதாது, அதுவே மைனஸ் 210-இல் உறைந்துவிடும். கடைசியில் ஹீலியம்தான் கைகொடுக்கும். பிறகு குழாயையும் தொட்டியையும் நிதானமாகக் குளிர்விக்க வேண்டும். முதலில் விடும் திரவமெல்லாம் ஆவியாகிப் போகும். அவசரப்பட்டால் உலோகம் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் சுருங்கி, இணைப்புகள் கசியும். நிரம்பிய பிறகும் ஆவியாவது நிற்காது. போகப் போக ஈடுகட்டி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசி நிமிடங்களில் கட்டுப்பாடு கணினியிடம் போய்விடுகிறது. 2001 மார்ச் 28 அன்று எல்விஎம்-3-ஐவிடச் சிறிய ஜிஎஸ்எல்வி ராக்கெட்டின் முதல் ஏவலில், பக்கவாட்டு என்ஜின்களில் ஒன்று போதிய உந்துவிசை தரவில்லை. கணினி உடனே எல்லாவற்றையும் அணைத்தது. ராக்கெட் தப்பியது, ஏப்ரல் 18-இல் பறந்தது. எல்விஎம்-3-இல் அந்த வசதிகூட இல்லை. முதலில் பற்றுவது இரண்டு எஸ்200 திட எரிபொருள் மோட்டார்கள், ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல். பற்றினால் அணைக்க வழியே கிடையாது.

அதனால்தான் கவுன்ட்டவுனை நிறுத்தும்போதெல்லாம் "சொதப்பல்" என்று நீங்கள் தலைப்புப் போடுவது இன்றுவரை மனதைக் குடைகிறது. 2019 ஜூலை 15 அதிகாலை சந்திரயான்-2-ஐ 56 நிமிடம் இருக்கும்போது நிறுத்தினார்கள். ஹைட்ரஜனை வடித்து, தொட்டியைச் சுத்தம் செய்த பிறகே ஆள் அருகில் போக முடியும். அப்படிப் போய்ச் சரிசெய்து 22-ஆம் தேதியே ஏவினார்கள். 2013 ஆகஸ்ட் 19-இல் ஜிஎஸ்எல்வி-டி5-இன் இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிந்தது. 74 நிமிடம் இருக்கையில் நிறுத்தி, அந்த அடுக்கையே மாற்றி, 2014 ஜனவரி 5-இல் வெற்றிகரமாக ஏவினார்கள். 2021 ஆகஸ்ட் 12-இல் பறந்த ஜிஎஸ்எல்வி-எஃப்10-இலோ, வால்வு கசிந்து ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தம் குறைந்ததால் மேல் என்ஜின் பற்றவே இல்லை, செயற்கைக்கோள் வீணாய்ப் போயிற்று. தரையில் பிடிபடும் கசிவுக்கும் பறக்கையில் வெளிப்படும் கசிவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எல்விஎம்-3 செய்திக்கு, பிஎஸ்எல்வி என்ற வேறொரு ராக்கெட்டின் படம் போடுகிறீர்கள். எல்110-உம் கிரையோ அடுக்கும் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையத்திலிருந்து போகின்றன. தங்கள் நெல்லைப் பதிப்பில்கூட அந்தப் பெயர் வருவதில்லை. அங்கே சோதனை மேடைகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் தங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

கேட்பது பெரிதல்ல. படத்துக்குக் கீழே அது எந்த ராக்கெட் என்று சரியாகப் போடுங்கள். கவுன்ட்டவுன் நின்றால், எந்த அடுக்கு நிரம்பியிருந்தது, எதற்காக நிறுத்தினார்கள் என்று இரண்டு வரி கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர்,
பணகுடி