வண்டி நிற்கும்போது என்ஜினும் நிற்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊர் ஏரியில் தூர் வாருகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் டிப்பர் மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்பி வர இருபது நிமிடம் ஆகிறது. அதுவரை ஜேசிபி சும்மாவே உறுமிக்கொண்டு நிற்கிறது. டிரைவர் தம்பி வேப்பமர நிழலில் டீ குடிக்கிறார். புகை கரையோரப் பள்ளியின் ஜன்னலுக்குள் போகிறது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது.

"அணைத்து அணைத்துப் போட்டால் வண்டியை ஸ்டார்ட் பண்ற செல்ஃப் மோட்டார் போயிடும், டர்போ கெட்டுடும்" என்றார் தம்பி. என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. பாரம் இழுத்த கையோடு சாவியைத் திருப்பக் கூடாது, சூடு தணிய இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓட விடவேண்டும். சரி, அப்புறமும் எதற்கு ஓட்டுவது? குறைந்த வேகத்தில் என்ஜினுக்குப் போதிய சூடு ஏறாது. டீசல் முழுதாக எரியாமல் கரி படியும், ஆயிலிலும் கலக்கும். என்ஜின் ஓடிய மணிநேரத்தைக் கணக்கிடும் ஹவர் மீட்டர் வேறு ஓடும், அதை வைத்துச் செய்யும் சர்வீஸ் சீக்கிரம் வந்து நிற்கும்.

பல வருடம் டிராக்டர் ஓட்டியவன் நான். ஸ்டார்ட் ஆகாதோ என்ற பயத்தில் நானும் அணைக்காமல் விட்டிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் பேட்டரி டெர்மினலில் பூத்திருந்த உப்புதான் கோளாறு. வெந்நீர் ஊற்றித் துடைத்ததும் சரியாகிவிட்டது.

வேலை கொடுக்கும் ஊராட்சிகள், ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் என்ஜினை அணைக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். பள்ளி அருகே நடக்கும் வேலைகளுக்காவது உடனே இதைச் செய்யுங்கள்.

– ஒரு விவசாயி, மதுராந்தகம்