நீ பிறந்தபோது நான் நாக்பூரில் இருந்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி மருமகள் பிரசவத்தைப் பற்றிப் போனில் நீ சொன்னது என்னைத் தூங்க விடவில்லை. "வளைகாப்பு முடிஞ்சதும் அவ அம்மா வீட்டுக்குப் போயிடுவாப்பா, அங்க அத்தை எல்லாம் பார்த்துக்குவாங்க, டெலிவரி அன்னிக்கு நான் வந்துடறேன்" என்றாய். உன்னைக் குறை சொல்ல முடியாது, நம் பக்கத்து ஆம்பிளைகள் எல்லாரும் சொல்வதுதான். 1994 தை மாதம் நானும் இதையே சொல்லிவிட்டுத்தான் சேலத்தில் சவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூருக்கு வண்டியை எடுத்தேன். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது, அதற்குள் போய்த் திரும்பிவிடலாம் என்று கணக்கு.

லோடு இறக்கிவிட்டு ரிட்டர்ன் லோடுக்காக நாலு நாள் காத்துக் கிடந்தேன். அப்போதெல்லாம் எஸ்டிடி பூத்தில் ராத்திரி 11 மணிக்கு மேல் பேசினால் காசு குறைவு, டிரைவர்கள் எல்லாம் அந்த நேரத்துக்குத்தான் வரிசையில் நிற்போம். என் முறை வந்ததும் நம் ஊர் மளிகைக்கடைக்காரர் வீட்டுக்குப் போட்டேன். "சாயங்காலம் பையன் பொறந்துட்டான், ரெண்டு உசுரும் நல்லாயிருக்கு" என்றார். காலையில் லாரி ஆபீஸில் இருந்த எல்லாருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தேன். ஊர் வந்து சேர்ந்தபோது உனக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ரிட்டர்ன் லோடு ஆரஞ்சு. ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு நேரே உங்க அம்மாயி வீட்டுக்குப் போனேன். "பிள்ளை பெத்தவளுக்கு ஆரஞ்சா? சளி கட்டிக்கும்" என்று அம்மாயி பையை வாங்கி அப்படியே பரணில் வைத்துவிட்டது. உங்கம்மா உன்னைத் தூக்கி என் மடியில் வைத்தாள். அப்போது அவள் விரல் நகமெல்லாம் காகிதம் மாதிரி வெளுத்துக் கிடந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அடுத்த லோடுக்குக் கிளம்பிவிட்டேன்.

அந்த வெளுப்புக்குக் காரணம் எனக்கு 2022-ல்தான் தெரிந்தது. உன் தங்கச்சிக்கு வலி எடுத்து உள்ளே கொண்டுபோன ராத்திரி, ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் உங்கம்மாவும் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல, அவள் ஆரம்பித்தாள். நீ பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். உடனே ரத்தம் வேண்டும், கையெழுத்துப் போட வீட்டு ஆம்பிளை யார் என்று கேட்டிருக்கிறார்கள். உன் மாமனுக்கு அப்போது பத்தொன்பது வயது, அவன்தான் போட்டிருக்கிறான். உறவுமுறை என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, யாரிடமோ டிவிஎஸ் 50 இரவல் வாங்கி ராத்திரியெல்லாம் ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைந்திருக்கிறான். நான் பூத்தில் வரிசையில் நின்ற நேரம் அவளுக்கு இரண்டாவது பாட்டில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. "ஏன் இத்தனை வருசமா சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

அதனால்தான் போன வாரம் உன்னிடம் மருமகளுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டேன். "நார்மலாத்தான் இருக்கும்ப்பா" என்றாய். இருக்கும் என்றால் உனக்குத் தெரியாது என்று அர்த்தம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை, அப்படிப்பட்ட உடம்பு பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்காது என்று உன் தங்கச்சி சொல்கிறாள். அவள் நர்ஸ் வேலைக்குப் போனபிறகுதான் எனக்கு இந்த விவரமெல்லாம் புரிய ஆரம்பித்தது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலச்சிக்கல் வரும், மலம் கறுப்பாகப் போகும், வயிற்றைப் பிரட்டும், அதனால் பாதிப் பேர் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார்களாம். நீ பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடு. டீ காபியோடு வேண்டாம், சத்து உடம்பில் ஒட்டாது, எலுமிச்சம்பழச் சாறோடு என்றால் நல்லது. அப்புறம் ரத்த குரூப். அவளுடையது நெகடிவ், உன்னுடையது பாசிட்டிவ் என்றால் பிள்ளை ரத்தத்தை அவள் உடம்பு எதிர்க்காமல் இருக்க 28-வது வாரத்தில் ஆன்டி-டி ஊசி ஒன்று போட வேண்டும், பிள்ளையும் பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. ஏழாம் மாதம் என்கிறாய், அந்த வாரம் இதுதான். எந்த குரூப்பாக இருந்தாலும், கூப்பிட்டதும் வந்து ரத்தம் கொடுக்க நாலு பேரை இப்போதே சொல்லி வை. என் மச்சினன் அலைந்த அலைச்சல் உன் மச்சானுக்கு வேண்டாம்.

தாய்வீட்டுக்கு அனுப்புவதை நான் தப்பு சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்குப் பெற்ற அம்மா கை சோறு மாதிரி வேறொன்று கிடையாது. ஆனால் அவளை அங்கே விட்டதோடு நம் பொறுப்பு முடிந்தது என்று நாமாக முடிவு கட்டிக்கொள்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். பெங்களூரிலிருந்து கரூர் ஒரு ராத்திரிப் பயணம்கூட இல்லை. செக்கப் தேதி ஒவ்வொன்றுக்கும் போ. வெளியே வண்டியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டர் முன்னால் அவளோடு போய் உட்கார். பிரசவம் தமிழ்நாட்டில் என்பதால் பிக்மி என்ற அரசாங்கக் கர்ப்பிணிப் பதிவு வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள், அந்த அலைச்சலை நீயே எடுத்துக்கொள். தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, பிள்ளை அசைவு குறைவது, ரத்தம் படுவது, இதில் எது வந்தாலும் காலைவரை பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது, உடனே 108. இது உன் மாமியாருக்கும் மச்சானுக்கும் தெரிந்திருக்க வேண்டும், நீயே உட்கார்ந்து சொல்லிவிட்டு வா.

பிரசவ அறைக்குள் உன்னை விடுவார்களா என்று இப்போதே கேட்டு வை. கூட இருக்க யார் வேண்டும் என்று அந்தப் பெண் சொல்கிறாளோ அவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது. நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் பிரசவத் துணை உண்டு, ஆனால் ஒரே அறையில் நாலைந்து பெண்கள் இருப்பதால் பெரும்பாலும் பெண் துணையைத்தான் விடுவார்கள், அது நியாயம்தான். தனியார் சிலதில் புருஷனை விடுகிறார்கள். அவளுக்கு அம்மாதான் வேண்டும் என்றால் நீ கதவுக்கு வெளியே நில், நீ வேண்டும் என்றால் உள்ளே போ. அவளைத்தான் கேட்க வேண்டும், இதுவரை கேட்டாயா?

லீவு விஷயம். மத்திய அரசு வேலையில் இருக்கும் ஆண்களுக்கு 15 நாள் உண்டு. தனியாருக்குச் சட்டமே கிடையாது, 2017-ல் பெண்களுக்கு 26 வாரம் ஆக்கியபோதும் அப்பனுக்கு என்று ஒரு நாள் எழுதவில்லை. உன் கம்பெனியில் பத்து நாள் தருகிறார்கள் என்றாய். அதைப் பேர் வைக்கும் விசேஷத்துக்கு என்று எடுத்து வைக்காதே, பந்தலையும் பந்தியையும் நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளை பிறந்த அந்த வாரத்துக்குப் பாதி, அவள் பெங்களூர் திரும்பி வீட்டில் தனியாக இருக்கப்போகும் முதல் வாரத்துக்குப் பாதி என்று வைத்துக்கொள்.

பிள்ளை பிறந்ததும் யாராவது ஒரு பெரியம்மா சர்க்கரைத் தண்ணியோ தேனோ எடுத்துக்கொண்டு சேனை வைக்க வருவார்கள். உனக்கு என் அம்மாதான் வைத்தது, அது ஆசையில் செய்தது, ஆனால் இப்போது வேண்டாம். ஒரு வயதுவரை தேன் ஆபத்து. முதலில் ஊறும் சீம்பாலை ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆறு மாதம் தாய்ப்பால் தவிர தண்ணீர்கூடக் கூடாது. இதைப் பிரசவித்துப் படுத்திருக்கும் பெண்ணால் பெரியவர்களை எதிர்த்துச் சொல்ல முடியாது, நீ சொன்னால் கேட்பார்கள். யாராவது கோபித்துக்கொண்டால் என்னிடம் போனைக் கொடு. மூன்றாம் நாள் நாலாம் நாள் அவள் காரணமே இல்லாமல் அழலாம். "எல்லாம் நல்லபடியாத்தானே நடந்திருக்கு, எதுக்கு அழறே" என்று மட்டும் கேட்டுவிடாதே, பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கச் சொல். இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். பிள்ளையை வாங்கும்போது சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் நெஞ்சில் போட்டுக்கொள், அந்தச் சூடு அம்மாவிடம்தான் என்றில்லை, அப்பனிடமும் இருக்கிறது. உன் தங்கச்சி மகனை நம் மாப்பிள்ளை அப்படிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பிள்ளை கையை மடக்கி அவர் கழுத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கியது. நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். உன்னை நான் முதலில் தூக்கும்போது நீ ஏற்கெனவே ஒன்பது நாள் பிள்ளை, கண்ணு.

வியாழக்கிழமை செக்கப் இருக்கிறது இல்லையா, அரை நாள் லீவு போடு. ரிப்போர்ட் வந்ததும் அந்த ஹீமோகுளோபின் எண்ணை எனக்கு அனுப்பு. உங்கம்மா முருங்கைக்கீரைப் பொடி இடித்து டப்பாவில் போட்டுவிட்டாள், நாளை ராத்திரி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன், காலையில் போய் வாங்கிக்கொள்.

அப்பா