ஷட்டரைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்: நம் நகர் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், அப்புறம் குழுவில் வரும் எதையும் படிக்காமலே கட்டைவிரல் போடும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

மேற்குக் காம்பவுண்டு ஓரத்துத் தகரக் கூரை கார் ஷெட்டுகளில் ஏழாம் எண் என்னுடையது. மின்சார கார் வாங்கியவர்களில் நான்தான் முதல் ஆள், இப்போது நாலு பேர் ஆகிவிட்டோம். போன மாசம் நீங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய இரண்டு விதிகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஒன்று, சார்ஜ் போடுவது காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மட்டும், ஐந்து மணிக்கு வாட்ச்மேன் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். இரண்டு, ஷட்டர் எந்நேரமும் முழுதாக மூடியிருக்க வேண்டும், சுவரில் புதிதாக ஓட்டை எதுவும் போடக் கூடாது.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. 2022 மார்ச்சில் இதே வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட யாருக்கும் இரவில் சார்ஜ் என்றாலே வயிறு கலங்கத்தான் செய்யும், எனக்கும் கலங்கியது. அந்த வருஷக் கோடையில் நாடு முழுக்க நடந்த ஸ்கூட்டர் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு இறுக்கியது, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அவை அமலுக்கு வந்தன. ஆனால் அந்தப் பயத்துக்கு நீங்கள் எடுத்த மருந்து, நோயைக் கூட்டுகிற மருந்து.

மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று நம் ஊரைப் பற்றிச் சொல்வார்கள். அந்த மொட்டை மலைகள் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி நமக்குத் திருப்பிக் கொடுக்கும். நம் ஷெட்டும் அதையேதான் செய்கிறது. கத்திரி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருக்க முடியாமல் ஷெட்டுக்குள் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். மதியம் மூன்று மணிக்கு வெளியே நிழலில் 40 டிகிரி, உள்ளே 47. அது கூடப் பரவாயில்லை. இரவு பதினொரு மணிக்கு வெளியே 31-க்கு இறங்கிவிட்டது, மூடிய ஷெட்டுக்குள் அப்போதும் 37. தூரத்திலிருந்து சூடு அளக்கும் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருக்கிறதே, அதை நண்பரிடம் இரவல் வாங்கி மதியத்தில் கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் காட்டினேன், 66 என்றது. தோசைக்கல் இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் தகரம் காற்றை மட்டும் சூடாக்குவதில்லை, கீழே நிற்கும் வண்டியின் தலை மேல் நேராக அனலை வீசிக்கொண்டே இருக்கிறது.

இந்தச் சூட்டில் பேட்டரிக்கு என்ன ஆகும்? தீ பற்றாது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 47 டிகிரி அனலால் மட்டும் கார் பேட்டரி எரியாது, உள்ளே அந்த மாதிரி கட்டுக்கடங்காத வினை கிளம்ப நூறு டிகிரியையும் தாண்டிய சூடு வேண்டும், அல்லது செல்லுக்குள் ஏதாவது பழுது வேண்டும். நடப்பது வேறு, மெதுவான அரிப்பு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. லித்தியம் பேட்டரி மூப்படைவதும் வேதிவினைதான். வண்டி ஓடாமல் சும்மா நின்றாலும் அது நடந்துகொண்டே இருக்கும், பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் இன்னும் வேகமாக நடக்கும். அதனால் சூடு ஒரு பக்கம், முழு சார்ஜ் ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து பல மணி நேரம் நிற்பதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை.

இது ஊகம் இல்லை, நடந்து பார்த்த விஷயம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ், வெயிலுக்குப் பேர்போன ஊர். அங்கே நிஸ்ஸான் லீஃப் என்ற மின்சார கார் வாங்கியவர்கள் 2012-லேயே பேட்டரியின் கொள்ளளவு சட்டென்று குறைகிறது என்று குரல் எழுப்பினார்கள். அந்த வண்டியின் பேட்டரிக்குத் திரவத்தால் குளிர்விக்கும் ஏற்பாடு கிடையாது, ஊர்ச் சூடு அப்படியே உள்ளே இறங்கியது. கடைசியில் கொள்ளளவுக்கென்றே தனியாக ஐந்து வருஷம் அல்லது 60,000 மைல் உத்தரவாதம் கொடுத்தார்கள். நம் நாலு வண்டிகளும் திரவக் குளிர்விப்பு உள்ளவை, எட்டு வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதமும் இருக்கிறது. அப்புறம் என்ன கவலை என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

கவலை என்னவென்றால், வண்டியின் குளிர்விப்பு எப்படி வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது பேட்டரி சூடானால் வண்டி தன் ஏசி கம்ப்ரசரை ஓட்டி அதைக் குளிர்விக்கும், எடுத்த சூட்டை முன்பக்க ஃபேன் வழியாக வெளியே தள்ளும். அந்த வெளியே எது? மூடிய ஷெட்! ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்து சமையலறையைக் குளிர்விக்கப் பார்ப்பது போலத்தான், தள்ளிய சூட்டையே வண்டி மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. இது போதாதென்று சார்ஜரின் சூடு வேறு. 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் சுமார் 3.3 கிலோவாட் இழுக்கும், அதில் பத்தில் ஒரு பங்கு சூடாகவே வீணாகும். பழைய காலத்து நூறு வாட் குண்டு பல்பு மூன்றைப் பூட்டிய ஷெட்டுக்குள் ஏழு மணி நேரம் எரியவிட்டதற்குச் சமம்.

இப்போது உங்கள் முதல் விதியை இதோடு சேர்த்துப் பாருங்கள். வேலைக்குப் போகிறவனுக்குப் பத்து முதல் ஐந்து என்பது ஞாயிறு மட்டும்தான். ஆக நாலு வண்டியும் ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், தகரத்துக்குக் கீழே, ஷட்டரை இறக்கிவிட்டு, அடியிலிருந்து நுனி வரை ஒரே மூச்சில் சார்ஜ் ஏறுகின்றன. பேட்டரியைக் கெடுக்கவே யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தாலும் இதைவிடப் பிரமாதமாகப் போட்டிருக்க முடியாது.

பேட்டரியை விடுங்கள், அது எங்கள் காசு. நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது சுவரில் இருக்கும் பிளக்குக்குத்தான். வீட்டு 15 ஆம்பியர் சாக்கெட் கீசருக்காக வைத்தது, கீசர் கால் மணி நேரத்தில் நின்றுவிடும், கார் ஏழெட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். சாக்கெட்டில் ஒரு ஸ்குரூ தளர்ந்திருந்தால் போதும், அங்கே சூடேறி பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். சுற்றிலும் 47 டிகிரி இருக்கும்போது வயரும் வழக்கமான கரண்டைத் தாங்காது, அதன் தாங்குதிறன் குறையும். என் சாக்கெட்டின் ஒரு துளை ஏப்ரலில் பழுப்பேறி இருந்ததைச் செயலாளர் அண்ணனிடம் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் பகல் விதியே கொண்டுவந்தார் என்று பிறகு தெரிந்தது. அண்ணே, அது ராத்திரியின் குற்றம் இல்லை, மலிவு சாக்கெட்டின் குற்றம்.

அதனால் கேட்கிறேன். சார்ஜ் நேரத்தை இரவு பதினொன்று முதல் காலை ஆறு வரை என்று மாற்றுங்கள். எங்கள் வண்டிகளிலோ அவற்றின் ஆப்பிலோ நேரம் குறித்து வைக்கும் வசதி இருக்கிறது. விடிகாலை மூன்று மணிக்குத் தொடங்கும்படி வைத்தால், பேட்டரியும் ஷெட்டும் ஆறிய பிறகு தினமும் கொஞ்சம் ஏறி, கிளம்புகிற நேரத்துக்கு முடிந்துவிடும், நிரம்பிய பேட்டரி வெயிலில் வேகாது. எங்களில் மூவருடையது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி, அளவு சரியாகக் காட்டுவதற்காக அவ்வப்போது நூறு வரை ஏற்றச் சொல்வார்கள், அதையும் கிளம்புவதற்கு முந்தைய இரவில் வைத்துக்கொள்கிறோம். ராத்திரி யாரும் பார்க்க மாட்டார்களே என்ற பயத்துக்கு, நாலு ஷெட்டிலும் எங்கள் செலவில் தொழிற்சாலை வகை சாக்கெட், நாலு சதுர மில்லிமீட்டர் வயர், கரண்டு கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஷெட்டுக்கு ஒன்று, வாட்ச்மேன் அறையில் ஒலிக்கும் வெப்ப அலாரம் என எல்லாம் வைத்துத் தருகிறோம். புகை அலாரம் வேண்டாம், ஷெட்டில் தூசிக்கே அலறும்.

கூரை விஷயம் எல்லாருக்கும் பொதுவானது, பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கும் சேர்த்து. சுண்ணாம்பு அடிக்கலாமே என்றார் மூணாம் நம்பர் வீட்டுப் பாட்டி, மொட்டை மாடிக்கு அருமையான யோசனை, தகரத்தில் நிற்காது, ஒரு மழைக்கு உரிந்துவிடும். தகரத்துக்கென்றே வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு இருக்கிறது, இரண்டு கோட்டுக்கு ஷெட்டுக்கு ₹4,000 ஆகும் என்று பெயின்டர் சொன்னார். தெலங்கானா 2023-ல் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்திருக்கிறது, நம் மாநிலமும் 2024-ல் வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்துவிட்டது, நாம் பதினாலு தகரத்துக்கு வெள்ளை அடிக்கத் தயங்குகிறோம். தென்னங்கீற்று போடலாம் என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், குளிர்ச்சியில் அதற்கு ஈடில்லை, ஆனால் தீபாவளி ராக்கெட் ஒன்று போதும். அதற்குப் பதில் தகரத்துக்கு ஒரு அடி மேலே பச்சை வலை கட்டலாம். ஒட்டிக் கட்டினால் பயன் குறைவு, நடுவில் காற்று ஓட வேண்டும்.

இரண்டாவது விதிக்கும் மாற்று உண்டு. சூடான காற்று மேலேதான் போகும், அது போக மேலே ஒரு வழியும் குளிர்ந்த காற்று வரக் கீழே ஒரு வழியும் இருந்தால் கரண்டே இல்லாமல் ஷெட் மூச்சு விடும். கூரையில் தானாகச் சுற்றும் அந்த உருண்டைக் காற்றாடி ஒன்று, ஷட்டரின் அடியில் ஒரு முழத்துக்குத் துளை போட்ட பட்டைகள், அவ்வளவே. எலி வரும் என்பீர்கள், வரும்தான், என் பழைய காரின் வயரை இரண்டு முறை கடித்த எலி இன்னும் உயிரோடு இருக்கிறது என்றே நினைக்கிறேன், அதனால் துளைக்குப் பின்னால் இரும்பு வலை அடித்துக்கொள்ளலாம். ஷெட்டுக்கு ஏசி வைத்துக்கொள்ளுங்கள் என்று கூட்டத்தில் ஒருவர் கிண்டலாகச் சொன்னார். 66 டிகிரி தகரத்துக்குக் கீழே ஏசி ஓட்டினால் கரண்டு பில்தான் சூடேறும்.

இதற்கெல்லாம் சங்கத்தின் முடிவு வரும்வரை நான் செய்வது இதுதான்: சாயங்காலம் வந்ததும் வண்டியை நேராக உள்ளே விடாமல் வாசல் வேப்பமரத்தடியில் ஒன்பது மணி வரை நிறுத்துகிறேன். ரோட்டுச் சூட்டோடு வரும் சில நூறு கிலோ பேட்டரி ஷெட்டுக்குள் போனால் அதுவே ஒரு அடுப்பு. வழியை மறைக்கிறேன் என்று யாரோ புகார் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எழுதியவருக்கு இந்தப் பத்தியே பதில்.

வரும் ஞாயிறு கூட்டத்தைச் சங்க அறையில் வைக்காமல் மதியம் மூன்று மணிக்கு ஏழாம் எண் ஷெட்டில், ஷட்டரை இறக்கிவிட்டு நடத்தலாம் என்று முன்மொழிகிறேன். நாற்காலியும் மோரும் என் பொறுப்பு. வெப்பமானி அங்கேயேதான் தொங்குகிறது.

இப்படிக்கு,
ஏழாம் எண் ஷெட்காரன்