வாசலற்ற வாசலுக்குத் துணை வந்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். 'வாசலற்ற வாசல்' தமிழில் முடிந்து, தியானக் குழுக்களின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அது நியாயமில்லை என்பதால் இந்த மடல்.

நூலை அறியாதவர்களுக்கு நாலு வரி. ஊமென் ஹுய்காய் என்ற சீன ஜென் குரு 1228-இல் தொகுத்தது இது. ஜப்பானிய வழியில் 'மூமோன்கான்' என்பார்கள். மொத்தம் 48 கோஆன்கள், அதாவது அறிவால் அவிழ்க்க முடியாத, தியானத்தில் வைத்துக்கொண்டு உட்காரும் புதிர்கள். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு சின்னச் சம்பவம், அப்புறம் ஊமெனின் உரை, கடைசியில் நாலடிப் பாட்டு. ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிடலாம். ஆனால் தியானம் செய்கிறவர்கள் ஒரே ஒரு கோஆனோடு மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட உட்கார்கிறார்கள். ஊமெனே 'மூ' ('இல்லை') என்ற கோஆனோடு ஆறு வருடம் கிடந்தவர். மதியச் சாப்பாட்டுக்கு அடித்த முரசைக் கேட்டபோது அவருக்குத் தெளிந்தது என்று மரபு சொல்கிறது.

முதல் நன்றி, நான் நேரில் பார்க்காதவர்களுக்கு. தைவானில் இருக்கும் சீன பௌத்த மின்னூல் சங்கம் தைஷோ என்ற பெரிய பௌத்த நூல் தொகுப்பின் சீன மூலங்களைக் காசு வாங்காமல் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அதன் 48-ஆவது தொகுதியில் இந்த நூல் இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழாக்குவதோடு நின்றிருப்பேன். சார்லஸ் முல்லர் பல்லாண்டுகளாக வளர்த்துவரும் இணைய பௌத்த அகராதிக்கும் அதே அளவு கடன்பட்டிருக்கிறேன்.

தைபேயில் வேலை பார்க்கும் தம்பிக்கு: வேலை முடிந்து வந்த களைப்போடு, போனில் ஒவ்வொரு வரியையும் சீனத்தில் வாசித்துக் காட்டினாய். பொருள் சொல்வதற்கு முன் இரண்டு முறை சும்மா வாசிப்பாய். ஜாவ்ஜோ என்ற பழைய சீன ஜென் குருவின் கேள்விகள் எவ்வளவு சுருக்கமானவை என்பது அப்போதுதான் காதில் ஏறியது. 'மடத்துக்குப் புதிதாக வந்திருக்கிறேன், வழிகாட்டுங்கள்' என்கிறான் ஒரு துறவி. 'கஞ்சி குடித்தாயா?' 'குடித்தேன்.' 'அப்போ போய்க் கலயத்தைக் கழுவு.' இதில் ஒரு சொல் கூடினாலும் கெட்டுவிடும். நீ வாசித்த வேகம்தான் தமிழிலும் நின்றிருக்கிறது.

பெருமாள்மலையில் இருக்கும் போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையத்தையும் ஆமா சாமி அவர்களையும் நினைக்காமல் இந்த மடல் முழுமையாகாது. ஏசு சபைத் துறவியான அவர், ஜப்பானில் காமகுராவில் யமாதா கோஉன் என்ற ஜென் குருவிடம் பயின்று, இந்த மரபைக் கொடைக்கானல் மலைப்பக்கம் கொண்டுவந்தார். கோஆனைக் குருவின் முன் வைத்துப் பேசும் வழக்கம் நம் ஊரில் வேர்பிடிக்க அவர் செய்தது பெரிய காரியம். அப்படி உட்காருகிறவர்கள் இங்கே இருப்பதால்தான் இப்படி ஒரு மொழிபெயர்ப்புக்கே தேவை வந்தது.

இனி, சனிக்கிழமைக் குழுவினருக்கு. உங்களைப் பற்றி எழுதத்தான் மனம் அவசரப்படுகிறது. பாதிப் பேர் போன் செயலியில் மணியடித்துத் தியானம் பழகியவர்கள். முட்டிவலியால் நாற்காலியில் உட்காருகிறவர்களும் உண்டு. நான் வாசிப்பேன், நீங்கள் கேட்டுவிட்டு உட்காருவீர்கள். யாரும் பாராட்டியதில்லை. அதைவிட நல்ல உதவி கிடையாது.

ஜாவ்ஜோவின் குரு நான்சுவான் பூனையை வெட்டும் பதினான்காவது கோஆனை வாசித்த நாள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டு கூடத்துத் துறவிகள் ஒரு பூனைக்காகச் சண்டை போடுகிறார்கள். குரு பூனையைத் தூக்கிப் பிடித்து, 'ஒரு சொல் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்' என்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. வெட்டிவிடுகிறார். சாயங்காலம் திரும்பி வந்த ஜாவ்ஜோ விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக் கழற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு வெளியே நடக்கிறார். 'நீ இருந்திருந்தால் பூனை பிழைத்திருக்கும்' என்கிறார் குரு.

நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா அன்று எழுந்துவிட்டார். 'உயிரை எடுத்ததற்கு என்ன தத்துவம் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்' என்றார். குரல் நடுங்கியது. என் கையில் நீளமான விளக்கக் குறிப்பு தயாராக இருந்தது. வன்முறையைக் குறியீடாகப் பார்க்கச் சொல்லும் குறிப்பு. அதை வாசித்திருந்தால் அவர் சமாதானமாகிப் போயிருப்பார், கோஆனும் அங்கேயே முடிந்திருக்கும். அவரோ அந்தக் கோபத்தோடு வாரக்கணக்கில் உட்கார்ந்தார். என்ன கண்டார் என்று நான் கேட்கவில்லை, அது கேட்கக் கூடாதது. ஆனால் அந்தக் குறிப்பை நூலிலிருந்து எடுத்துவிட்டேன். மற்ற கோஆன்களின் விளக்கங்களும் அதன்பின் ஒவ்வொன்றாகப் போயின. ஆள் பெயர், ஊர், காலம் சொல்லும் குறிப்புகள் மட்டும் கடைசிப் பக்கங்களில் இருக்கின்றன. அக்கா, இந்த நூல் ஒல்லியாக இருப்பதற்குக் காரணம் நீங்கள்தான். மனமார்ந்த நன்றி.

தமிழாசிரியர் ஐயாவுக்கு: நாற்பத்தொன்றாம் கோஆனில் போதிதர்மரை ஊமென் 'பல் போன கிழட்டு அந்நியன், கடல் கடந்து லட்சம் லீ (சீனத் தொலைவு அளவு) தூரம் வேலை மெனக்கெட்டு வந்தான்' என்று எழுதுகிறார். போதிதர்மர் தென்னிந்தியர் என்று மரபு சொல்வதால் நம்மவர்களுக்கு அவர்மேல் தனிப் பாசம் உண்டு. 'கொஞ்சம் மரியாதையாகப் போடலாமே' என்று சிலர் கேட்டபோது, காளமேகம் ஈசனை ஏசுவதுபோல் பாடிய பாட்டைச் சொல்லிக்காட்டி, 'திட்டும்போதுதான் அந்த ஆள் கும்பிடுகிறான், கை வைக்காதே' என்றீர்கள். கை வைக்கவில்லை ஐயா.

பக்கம் வடிவமைத்த தங்கைக்கு: சம்பவத்துக்கு ஒரு பக்கம், உரைக்கும் பாட்டுக்கும் எதிர்ப்பக்கம் என்று பிரித்தது உன் யோசனை. காகிதச் செலவு கூடும் என்று சொல்லியும் நீ விடவில்லை. உரையைக் கையால் மறைத்துக்கொண்டு சம்பவத்தோடு மட்டும் உட்கார முடிகிறது என்று குழுவில் பலரும் சொல்கிறார்கள்.

வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாக விடிகாலை விளக்கைப் பொறுத்துக்கொண்ட அம்மாவுக்கு, நன்றி.

தியானக் குழுக்கள் இந்த நூலைத் தாராளமாகப் படியெடுத்துக்கொள்ளலாம். அடுத்து, நூறு கோஆன்கள் கொண்ட 'நீலப்பாறைப் பதிவுகள்'. தம்பி ஒத்துக்கொண்டுவிட்டான். சனிக்கிழமை வழக்கம்போல் கூடுவோம். முதல் கோஆனின் வரைவைக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மொழிபெயர்ப்பாளன்