வலிக்கென்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவமனை முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை எலும்பு ஓ.பி. வாசலில் ஒருவர் துண்டை விரித்துத் தரையில் படுத்ததும், செக்யூரிட்டி வந்து எழுப்பியதும் உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். படுத்தது நான்தான்.

கீழ்முதுகில், எல்4, எல்5 என்னும் இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு விலகியதற்கு இங்கேதான் ஆபரேஷன் செய்துகொண்டேன். சில மாதம் நிம்மதி. பிறகு இடுப்பிலிருந்து குதிகால்வரை இழுக்கும் எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. கொஞ்ச நேரம் நின்றால் கால் மரத்துப்போகும். உட்கார்ந்தால் அதைவிட மோசம். அந்த இரும்பு பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒற்றைப் புட்டத்தில் பாரம் போட்டு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பது? டோக்கன் எண் வருவதற்குள் மதியமாகிவிடுகிறது. படுப்பது ஒன்றுதான் வழி. படுத்தால், "குடிச்சிருக்கியாய்யா?" என்கிறார்கள். செக்யூரிட்டியை நான் குறை சொல்லமாட்டேன். பார்வைக்கு எனக்குக் கைகால் நன்றாகத்தானே இருக்கிறது!

உள்ளே போனால், எலும்பு டாக்டர் நரம்பு டாக்டரிடம் அனுப்புகிறார். அவர் எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "ஆபரேஷன் சக்சஸ், நரம்பைச் சுற்றித் தழும்பு கட்டியிருக்கு, அவ்வளவுதான்" என்கிறார். பிசியோதெரபியில், வலி குறைந்ததும் வரச் சொல்கிறார்கள். ஒருவர் சீட்டில் காபாபென்டின், இன்னொருவர் சீட்டில் பிரிகாபலின். இரண்டும் ஒரே வகை நரம்புவலி மாத்திரை என்பதை, தலைசுற்றி விழுந்த பிறகு மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார்.

அதனால் கேட்கிறேன்: எலும்பு, நரம்பு, மயக்கவியல், பிசியோதெரபி நான்கு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கும் வலி ஓ.பி. ஒன்று, வாரத்தில் ஒரு நாள்.

அறுவைக்குப் பின் மூன்று மாதம் தாண்டியும் நீடிக்கும் வலிக்கு, 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப்பட்டியலில் தனி இடமே உண்டு. நம் நாட்டில்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அடுக்கும் 21 வகைகளில் வலிக்கு இடமில்லை. வேலைக்கும் போக முடியாது, சான்றிதழும் கிடைக்காது. அமைச்சர் வருகிறார் என்றால் மட்டும் ஒரே ராத்திரியில் சுவரெல்லாம் பெயிண்ட் காய்ந்துவிடுகிறது. எங்களுக்கும் ஒரு அமைச்சரை மாதாமாதம் அனுப்பிவைத்தால் தேவலை.

மன்னிக்கவும், சட்டமும் பெயிண்டும் உங்கள் கையில் இல்லை. வலி ஓ.பி. உங்கள் கையில் இருக்கிறது. மருத்துவர்கள் இருக்கிறார்கள், அறையும் இருக்கிறது. செவ்வாயோ வெள்ளியோ, உங்களுக்குத் தோதான கிழமையைக் குறித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
உங்கள் மருத்துவமனையின் புறநோயாளி ஒருவன்